சூடேறினால் வாயை மூடும்

நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை.
தைமாதக் குளிர், ஐந்தே முக்கால்,
ஒட்டுசுட்டான் சந்தியில் வானை நிறுத்தினாள் லோஜினி.
‘டிக்டிக் எண்டுது அண்ணை.
கற்சிலைமடு தாண்டினால் நிண்டிடும்.’

நிற்காது.
சூடேறினால் இரும்பு விரிந்து
வெடிப்பின் வாயை அடைக்கும், அவ்வளவுதான்.
சத்தம் போனால் குறை போனதென்று
மூன்று மாதம் ஓடியிருக்கிறாள்.

டொல்பின் வானுக்கு இஞ்சின் முன்சீட்டின் கீழே.
முன்சீட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று.
முத்துஐயன்கட்டில் ஏறும்போது ஓயாமல் கதைக்குமாம்,
என் கராஜைத் தாண்டுமுன் தலை சாய்ந்துவிடுமாம்.
‘நித்திரைக் குஞ்சு’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள்.
நான் சிரிக்கவில்லை.
சீட்டைத் தூக்கினேன்.

மனிபோல்டில், மூன்றாம் நாலாம் துவாரங்களுக்கு நடுவே
தலைமயிர் அளவு கோடு.
புகை ஊதி ஊதிச் சுற்றிலும் கறுப்பு இறகு.
எட்டு நட்டில் ஐந்து கழன்றன.
இரண்டு, டீசலில் ஓர் இரவு ஊறிய பிறகு.
ஒன்று முறிந்தது. முறியும் என்று தெரிந்துதான் திருகினேன்.

வார்ப்பிரும்பை ஒட்டலாம்.
சிரட்டைக்கரியில் சிவக்கச் சுட்டு
நிக்கல் கூர் பிடித்து
மில்லுக்காரனின் உமிச்சாம்பலில் புதைத்து
விடியுமட்டும் ஆறவிடவேணும்.
காற்றில் வைத்தால் பக்கத்திலேயே
புதிதாக வெடிக்கும், ‘டிங்’ என்று.
நிக்கல் கூர் வவுனியாவிலும் இல்லை.

நேரியகுளத்து நியாஸ் நானாவுக்கு அடித்தேன்.
மறுநாள் பஸ்ஸில் வந்தது, யூரியாப் பையில் சுற்றி.
எட்டாயிரம்.
‘எங்க கழட்டினது நானா?’
‘குவியல்ல.’
எந்தக் குவியல் என்று இந்தப் பக்கத்தில்
யாரும் கேட்பதில்லை.

கம்பித் தூரிகையால் கறல் உரித்தேன்.
அதே இடம்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
மஞ்சளாய் ஒரு தடிப்பு.
பித்தளை.

தருமபுரத்தில், தெருவோரம், மழைக்குள்
தண்ணிப் பைப்பின் தலையை உருக்கி
ஒரு டொல்பினுக்கு ஒட்டியிருக்கிறேன்.
கூரையில் தையல் மெசின், கட்டில்,
உள்ளே பதினாலு பேர்.
காசுக்குப் பதில் அரைப்போத்தல் தேங்காயெண்ணெய் தந்தவர்
‘விசுவமடு மட்டும் போகுமோ?’ என்றார்.
‘போகும்’ என்றேன்.
விசுவமடுவுக்கு அங்கால் அவரும் கேட்கவில்லை.

இது அதுவா?
கூர் இல்லாத எவன் ஒட்டினாலும்
பித்தளை இப்படித்தான் புடைக்கும்.
நகத்தால் கீறினேன்.
துவாரங்களை அடைத்து, சவர்க்கார நுரை பூசி
ஊதிப் பார்த்தேன், இரண்டு தரம்.
ஒரு குமிழியும் வரவில்லை.

புது காஸ்கெட் போட்டுப் பூட்டினேன்.
‘எவ்வளவு காலம் போகும் அண்ணை?’
வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு,
‘காலமை குளிருக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுப் பார்’ என்றேன்.

வெள்ளிக்கிழமை வான் சந்தியைத் தாண்டியது.
முன்கண்ணாடிக்குள்ளிருந்து
அந்தப் பிள்ளை எனக்கு நாக்கை நீட்டியது.

லோஜினி இன்னும் மூவாயிரம் தரவேணும்.