அரை மில்லிமீட்டர்

எஞ்சினைப் பிரிக்க ஒரு ஞாயிறு போதுமாக இருந்தது.
வால்வுகளை முட்டை அட்டையில் நிறுத்தி
மகளின் ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டேன்.
நாலு மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

பிளாக்கைப் பாலக்கோட்டிலிருந்து
தக்காளி வேனில், கிரேட்டுகளுக்கு நடுவே
ஓசூர் கொண்டுபோனேன்.
லேத்துக்காரர் விரல்விட்டுத் தடவிப் பார்த்து
"போர் போடணும்" என்றார்.

வயிறு கலங்கியது.
எங்கள் கொல்லையில் ஏற்கெனவே இரண்டு போர்.
ஒன்று ஆயிரத்து நூறு அடி,
மற்றது அதைவிட இருநூறு கூட.
வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி:
காயப்போட்ட துணியில், சோற்றில்,
அடுத்த வீட்டு எருமையின் முதுகில்.
வட்டி மட்டும் இன்னும் ஊறுகிறது.

"எத்தனை அடி?" என்று கேட்டேவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அரை மில்லிமீட்டர்."

போனில் ஒருவர் இந்தியில் சொல்லித்தருகிறார்.
அவர் விரல்கள் மட்டும் எனக்குத் தமிழ்.
அவர் ரிங்கை விரித்ததற்கு மேல்
ஒரு கேழ்வரகு அளவு விரித்தேன்.
டிக்.
"ஒத்த ரிங்கெல்லாம் தர மாட்டோம், செட்டாத்தான்"
என்றார் கடைக்காரர்.
செட்டாகவே வாங்கினேன்.

எண்ணெய் தடவிய பிஸ்டன்
சுத்தியல் பிடியால் தட்டத் தட்ட இறங்கியது.
ஒரு சாண்கூட இல்லாத ஆழம்.
அதற்கே கை நடுங்கியது.

நேற்று ராத்திரி
நாலாம் தடவை சாவி திருப்ப, இருமியது.
நீலப்புகை. பதினோரு நொடி.
சம்பூரணம் கதவைத் திறந்து
"ஓடுச்சா?"
"நின்னுடுச்சு."
"ஓடுனதாலதான நின்னுச்சு."
உள்ளே போய்விட்டாள்.

ஆயில் கம்பியை உருவி
பழைய லுங்கியில் துடைத்து
விட்டு, மறுபடி எடுத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
மேல்கோடு வரை
ஈரம்.