ஒற்றைக் கோடு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
பஸ் ஹாரன் படியேறி வரும் முதல் மாடியில்
என் கடை.
ஜூலை கடைசி வாரம்.
ரப்பர் ஷீட் வியாபாரிகளும்
அண்டி ஆபீஸ் கணக்கர்களும்
ஒரு வருடத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு
வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்:
தப்பா எழுதிட்டா சுரண்டாதீங்க, வெள்ளை பூசாதீங்க.
ஒற்றைக் கோடு போடுங்க.
கோட்டுக்கு அடியில்
பழைய எண் வாசிக்கக் கிடைக்கணும்.
பக்கத்தில் புது எண், கையெழுத்து, தேதி.
திருத்தினவன் பயப்பட வேண்டாம்.

ஆன்றோ நேற்று ராத்திரி லெஸ்டரிலிருந்து கூப்பிட்டான்.
அங்கே மழை என்றான்.
கொஞ்சம் கழித்து, மழையெல்லாம் இல்லை என்றான்.
செட்டில்மென்ட் விசா மனுவுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம்,
இருபத்தெட்டு கேள்வி.
எல்லாம் ஒரே கேள்விதான், அக்கா.
அந்த வருடம்
விசா ஆபீசில் முப்பத்தாறாயிரம் பவுண்ட்,
வரி ஆபீசில் பதின்மூன்றாயிரம்.
நாலு வருடம் கழித்து அவனே போய்த் திருத்தியிருக்கிறான்.
பாக்கி வரி, வட்டி, அபராதம் கட்டிய
ரசீதும் வைத்திருக்கிறான்.

ஏன் தப்பினாய் என்று கேட்டால் பதில் இருக்கிறது:
கணக்குப் பார்த்த ஆள் விட்டுவிட்டான்,
ஷானியா பிறந்த வருடம், தூக்கமில்லை.
ஏன் திருத்தினாய் என்கிறார்கள்.
விசா போட வேண்டியிருந்தது என்பதைத் தவிர
வேறு பதில் ஒன்று
நீ யோசித்துத் தா என்கிறான்.

எது நிஜம் என்று கேட்க வாயெடுத்து
சோறு தின்னியாலே என்று கேட்டேன்.

விடியுமுன்னே பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்தேன்.
அந்த வருடம் ஏழு தடவை அனுப்பியிருக்கிறான்.
பதினொன்று லட்சத்து எண்பதாயிரம்.
இந்தக் கடையின் அட்வான்ஸ், இரண்டு கம்ப்யூட்டர்,
பிளாரன்ஸ் டாக்ஸ் சென்டர் என்ற போர்டு,
போர்டுக்குள் விட்டுவிட்டு எரியும் ட்யூப் லைட் வரைக்கும்
அந்தப் பணம்.
பதின்மூன்றாயிரத்தில் வாடகை கொடுத்து
பிள்ளைக்குப் பால்பொடி வாங்கி
ஒருவன் இவ்வளவு அனுப்ப முடியாது.
எனக்குக் கணக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தை அனுப்பினால்
விசா ஆபீசில் சொன்னது பொய்யில்லை என்றாகும்.
வரி ஆபீசில் சொல்லாதது
மறதியில்லை என்றும் ஆகும்.
ஏழு தடவை வரிசையில் நின்று அனுப்பிய பணத்தை
யாரும் மறப்பதில்லை.

எங்கிருந்துலே இவ்வளவு என்று
அன்றைக்கே நான் கேட்டிருக்கலாம்.
ஊரையெல்லாம் கேட்கிற கேள்வி.
போர்டு நீலமா பச்சையா என்றுதான் கேட்டேன்.
பச்சை என்றான்.

கருங்கல் தங்கையன் முன்னால் வந்து நிற்கிறார்.
மேடம், போன வருஷக் கணக்கில
ஒட்டுப்பால் வித்த காசு விட்டுப்போச்சு.
இப்பத் திருத்தினா பின்னாடி ஏதும் வருமா?
ஆறு வருடமாகச் சொல்லி
நாக்குக்குப் பழகிப்போன பதில்.

உட்காருங்க, என்றேன்.
பாஸ்புக்கை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன்.
கரண்ட் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.
போகவில்லை.