இரண்டாம் தரம்

விடிய நாலரைக்கு
பாசையூர்த் தகரக் கொட்டிலில் கிடாரம் கொதிக்கத் தொடங்கும்.
கடலட்டையைக் கையில் எடுத்தால்
ஈரத் துணியைச் சுருட்டினது மாதிரி இருக்கும்,
பிறகு இறுகும்.
வயிற்றில் ஒரு அங்குலம் கீறுவேன்.
சில நேரம் கத்தி போக முன்னமே
தானாகக் குடலைத் துப்பிவிடும்.
பயத்தில் செய்யுமாம். கடலில் விட்டால்
புதுக்குடல் முளைக்குமாம்.
இங்கே முளைக்க நேரம் இல்லை.

அவித்து, ஈரமணலில் ஒரு இரவு புதைத்து,
சுண்ணாம்புத் தோலை உரசிக் கழுவி,
திரும்ப அவித்து வெயிலில் போட,
முழங்கை நீளத்தில் வந்தது
நடுவிரல் அளவில் கறுத்துப்போய்க் கிடக்கும்.
முதலாம் தரம், இரண்டாம் தரம், உடைசல்.
உடைசலில் ஒரு கிலோவுக்கு
என்ர எத்தனை நாள் சம்பளம் என்று
கணக்குப் பார்க்கிறதை ஜெசிந்தா விட்டுவிட்டாள்.
நான் விடேல்லை.

எங்கட கரையில் ஒருத்தரும் இதைத் தின்னமாட்டினம்.
கிடாயின் இரத்தத்தை உப்புப் போட்டு உறையவைத்து
உள்ளியும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் பிரட்டி
வறையாக்கித் தின்னுவினம்.
கணவாயை அதின்ர மையோடேயே காய்ச்சி
பல்லெல்லாம் கறுக்கச் சிரிப்பினம்.
அட்டை என்றால் மட்டும்
"சீ, அந்தப் புழுவையோ?"

தவக்காலத்து முதல் வெள்ளி
தரம் பார்க்க வந்தார் மிஸ்டர் ஹோ.
ஒவ்வொன்றாய் மணந்து, மேசையில் தட்டி,
காதுகொடுத்துக் கேட்டுத்தான் பிரித்தார்.
மத்தியானம் என்ர சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தார்.
இறைச்சி இல்லாத நாள்;
புட்டும் கணவாயும், தார் மாதிரிக் கறுப்பு.
கேட்காமலே ஒரு பிடி எடுத்தார்.
பிறகு ஒரு பிடி.
உறைப்பில் கண்ணீர் வழிய வழிய மூன்றாம் பிடி.

காயவைத்த தட்டைக் காட்டி
"இது நல்லாயிருக்குமோ?" என்றேன்.
அவர் பேச, அவற்ற போன் தமிழ் சொன்னது,
றேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில்:
"திருமணத்தில் வரும். நான் அத்தையின் கிண்ணத்தில்
இட்டுவிடுவேன். இதற்குச் சுவை கிடையாது.
சுவை சாற்றினுடையது."
பிறகு அவர் இன்னும் ஏதோ சொல்ல,
போன் கொஞ்சம் யோசித்து
"வழுக்கும் மரியாதை" என்றது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவர் எதற்குச் சிரித்தாரோ தெரியாது.

போகேக்க ஒரு இரண்டாம் தரத்தை
என்ர வெறும் பெட்டிக்குள் வைத்தார்.
மேற்பார்வை குணசிங்கம்
அந்த நேரம் பார்த்து முகட்டை ஆராய்ந்துகொண்டு நின்றார்.
வான் கதவடியில் திரும்பி
ஹோ மூன்று விரல் காட்டினார்.
மூன்று நாள் ஊறவேணும் என்பது
அடுத்த கிழமைதான் விளங்கியது.
நான் மூன்று விசில் என்று நினைத்தேன்.

வீட்டில் கதவைச் சாத்திப்போட்டு
குக்கரை இறக்கி, துண்டு துண்டாய் வெட்டி,
பழப்புளி, மிளகு, கறித்தூள் இரண்டு கரண்டி.
சவிரியான் குசினி வாசலில் நின்று கேட்டார்:
"இண்டைக்கு வெள்ளியெல்லோ.
இது மீனோ, இறைச்சியோ?"
முள் இல்லை. இரத்தம் இல்லை.
கண்ணும் இல்லை.
சுவாமியாரிட்டக் கேட்கலாம். ஆனால் அவர் முதலில்
"உது உனக்கு எங்கால?" என்றுதான் கேட்பார்.

நாலு துண்டு. ஆளுக்கொன்று,
ஒன்று சட்டியில் மிச்சம்.
வெளியில் கறித்தூள் மணம்,
உள்ளே சைக்கிள் ரியூப்.
சவிரியான் மென்றுபார்த்துத் துப்பப் போனார்,
நான் விலையைச் சொன்னேன்,
வாயை மூடிக்கொண்டார்.

சின்னவன் டெறிக்
கன்னம் உப்ப, கையைக் கட்டிக்கொண்டு
ஏழு மணியிலிருந்து மென்றான்.
செபமாலை முடிந்தது.
கரண்ட் போய் வந்தது.
பக்கத்து வீட்டு நாய்
மணம் பிடித்து வந்து, யோசித்து, திரும்பிப் போனது.
பாய் விரிக்கிற நேரம்
துண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டுக் கேட்டான்:
"அம்மா, இதை எப்ப விழுங்கிறது?"