பிடித்திருக்கிறதா

ராய்மோ நான்கு டயர்களைச் சுவரில் சாய்த்துவிட்டு
காப்பி ஊற்றப் போனான்.
மூன்றின் மேல் ஸ்டிக்கர்:
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு டெசிபல்.
நாலாவது ஆணி டயர்.
அதற்கு யாரும் எண் ஒட்டுவதில்லை,
ஒட்டினால் எவன் வாங்குவான்.

"சின்ன எண்ணை எடு துவோவி,
கயானி வரைக்கும் பஞ்சுமேல் போவாய்."

அந்த எண் சாலையோரம் நிற்பவன் காதுக்கு,
உள்ளே இருப்பவனுக்கு அல்ல.
இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டுகிறவளுக்கு
இதுகூடவா தெரியாது?
எங்கள் சாலையோரம் நிற்பது
எப்போதாவது ஒரு கலைமான்.
அதன் காதுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பிரச்சினை என் காதும் அல்ல.
பின்சீட்டில் தைஸ்தோ.
வாரத்துக்கு மூன்று நாள், நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
ரத்தத்தைக் கழுவப் போகிறார்.
நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்து
திரும்பும்போது
பிழிந்த சட்டைபோல ஜன்னலில் ஒட்டியிருப்பார்.
போன குளிர்காலம் முழுக்க ஆணி டயர்.
காப்பிக்கொட்டை அரைக்கிற இயந்திரத்துக்குள்
நோயாளியை உட்காரவைத்து ஓட்டினேன்.
கண்ணை மூடிக்கொள்வார்.
பாவம், சகித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அறுபத்தெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
உறைகுளிரிலும் இளகுகிற ரப்பர்,
கத்தி நுனியால் கீறியதுபோல் நூறு நூறு கோடுகள்.
"ஈரத்தில் பிடிக்கும். பனியில் பிடிக்கும்."
"கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில்?"
ராய்மோ காப்பியை உறிஞ்சினான்.
"ஒரு வாரம் ஓட்டிப் பார்.
பிடிக்காவிட்டால் கொண்டு வா."

பிடிக்காவிட்டால்.
எனக்கா, சாலைக்கா, அவன் சொல்லவில்லை.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி.
என் கைக்கடிகாரம் எனக்குக் கேட்டது.
கண்ணாடியில் பார்த்தால்
தைஸ்தோ கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.
திங்கள், ஊசி வலியாக இருக்கும்.
புதன், வேறு ஏதாவது கவலையாக இருக்கும்.
வெள்ளி, ரிஸ்தியார்வி ஏரி வளைவுக்குச் சற்று முன்னால்
"ரேடியோ போடேன்" என்றார்.
ரேடியோ பக்கம் கை நீட்டவில்லை நான்,
ஏனென்றால் அதே நொடியில்
மிச்சமிருந்த அந்த மெல்லிய சர்ரென்ற சத்தமும்
நின்றுபோனது.

சத்தம் நின்றால் சாலை இல்லை.

காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை.
வண்டி யாருக்கும் சொந்தமில்லாததுபோல்
பக்கவாட்டில் மூன்று மீட்டர் யோசித்தது.
ஒரு டன் இரும்பும் இரண்டு உயிரும்
நாலு உள்ளங்கை அகல ரப்பரில்.
பிறகு, சர்ர்.
பிடித்துவிட்டது.

ஹிரின்சல்மி தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
"மரமில்லில் இருபது வருஷம்" என்றார் அவர்.
"ரம்பம் ஓடுகிறவரை உட்கார்ந்தே தூங்குவேன்.
நின்றால் விழிப்பேன்.
நின்றால் யாருடைய விரலோ போயிருக்கும்."
கொஞ்சம் பொறுத்து,
"போன வருஷம் நன்றாகத் தூங்கினேன்."

மறுநாள் கடைக்குப் போனேன்.
"பிடிக்கலையா?" என்றான் ராய்மோ.
"பிடித்தது. ரொம்பவே பிடித்தது."
"பின்னே?"
ஸ்டிக்கர் இல்லாததை நோக்கிக் கை காட்டினேன்.
தலையைச் சொறிந்துகொண்டு
ஜாக்கியை உருட்டி வந்தான்.
கல்லாவின் பக்கத்தில் காதடைப்பான் தொங்கியது,
இரண்டு யூரோ ஐம்பது.
வாங்கவில்லை.

இப்போது கீழே ஒரு கொரகொர,
பின்னால் ஒரு கொரகொர.
ஏரி வளைவில் முதலாவது நிற்கும்.
நான் காலை எடுப்பதற்குள்
இரண்டாவதும் நிற்கும்.