ஏழாம் பூச்சு

பின்லாந்து வளைகுடாவின் காற்று
சுமந்துவரும் உப்பையெல்லாம் இங்கேதான் இறக்கிவைக்கிறது.
நாற்பத்தேழாம் எண் கொட்டடியில்
மண்டியிட்டுச் சுவரைச் சுரண்டுகிறேன்.
நெற்றியில் விளக்கு, விரலிடையில் அறுவைக் கத்தி,
முட்டி நோகாதிருக்க மடித்துப்போட்ட பழைய கோட்டு.

சுவருக்குக் காதுண்டு என்பது பேச்சு.
நான் பார்த்தவரை அதற்கு இருப்பது தோல்தான்,
ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினொன்று.

அடியில் சுண்ணாம்பு.
ஜாரின் பீரங்கிப் படை குறட்டைவிட்ட காலம்.
அதன்மேல் காவி.
எங்கள் முதல் குடியரசு பூசிய சாம்பல்நிறம்
சிக்கனமானது, மெல்லியது, இருபதாண்டு தாங்கியது.
பிறகு வந்தவர்களின் பழுப்பு.
அவர்களைத் துரத்திக்கொண்டு திரும்பி வந்தவர்களின் பச்சை,
பச்சை,
மறுபடி பச்சை.
கொடி மாறிய மறுவாரம்
யாரானாலும் முதலில் அனுப்பியது
ஒரு வாளியும் தூரிகையும்.

தபால்தலை அளவுச் சதுரங்களாக
சுவருக்குள் ஒரு படிக்கட்டு இறக்குகிறேன்.
மேலே குழு காத்திருக்கிறது, ஒரே கேள்வியோடு:
சுவரை எந்த ஆண்டில் நிறுத்துவது?
இயக்குநருக்கு நாற்பதுகள் வேண்டும்.
நன்கொடையாளருக்கு, முடிந்தால், ஜார்.
பச்சைக் காலத்தில் சாவிக்கொத்து
அவருடைய அப்பாவின் இடுப்பில் தொங்கியதா என்று
நான் கேட்கவில்லை.

அறிக்கையில் எழுதியிருந்தேன்:
"ஏழாம் பூச்சு. கட்டிலில் உட்கார்ந்தால்
கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில்
ஒரு முழ அகலத்துக்கு மெலிந்திருக்கிறது.
கவனக்குறைவான வேலை."
அந்த மெலிவின் வழியேதான்
ஆறாம் பூச்சின் கீறல்கள் தெரிந்தன:
நாள் கணக்குக் கோடுகள், பாதிப் பெயர் ஒன்று,
யாருக்கோ ஒரு வசை,
இரண்டு பாய்மரக் கப்பல்.

அக்டோபர் செவ்வாய். மழை.
நுழைவுச்சீட்டு ஜன்னலில் ஒருவர்
"முன்பு தங்கியவர்களுக்குச் சலுகை உண்டா?" என்றாராம்.
பெயர் வம்போலா.
துறைமுகத்தில் மூன்று பெட்டி மத்தி மீன் திருடி
பத்தொன்பது வயதில் உள்ளே வந்தவர்.
எங்கள் தகவல் பலகைகளில்
தியாகிகளுக்கே இடம் போதவில்லை;
மீன் திருடனுக்கு அரை வரி இல்லை.

என் படிக்கட்டைக் குனிந்து பார்த்தார்.
எண்ணினார்.
"இது என்னுடையது" என்றார்,
பேரப்பிள்ளையின் புகைப்படத்தைக் காட்டுவதுபோல.

பதிவுக் கருவியை இயக்கிவிட்டுக் கேட்டேன்:
பெயர்கள் அழியக் கூடாதென்றுதானே
இந்த இடத்தில் மெலிதாக அடித்தீர்கள்?
(ஆமென்று சொல்லியிருக்கலாம்.
பலகைக்கு நல்ல வாசகம் கிடைத்திருக்கும்.)

சிரித்தார். மூன்று பற்கள் பொன்.
"பெயின்ட்டில் பாதியை மேஸ்திரி விற்றான்.
வார்னிஷை நாங்கள் குடித்தோம்.
மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினோம்.
குனிந்து அடிக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.
அவ்வளவுதான்."

நான் கருவியை அணைத்தேன்.
அவர் கிளம்பவில்லை.
விரலைச் சுவரில் படாமல்,
அரை அங்குலம் தள்ளிப் பிடித்து,
கோடுகளின் மேல் நடத்திக்கொண்டே போனார்.
கப்பலருகே நின்றார்.

"இதற்கு மூன்று பாய்மரம்.
ஒன்றை இன்னும் நீங்கள் தோண்டவில்லை."

ஐந்தரைப் பேருந்தை விடக் கூடாதென்று
தொப்பியைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

ஆறு மணிக்கு அறையின் வெப்பமூட்டி நின்றது.
கப்பலுக்கு இடப்புறம், கனமான பச்சையில்,
தபால்தலை அளவு ஒரு சதுரம் வரைந்தேன்.
கத்தியைச் சாய்த்துப் பிடித்தேன்.
முதல் செதிலில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் பழைய ஆளிவிதை எண்ணெய் வாசம்.
நான்காவதில்
ஒரு செங்குத்துக் கோடு,
உச்சியில் முக்கோணக் கொடியோடு.

அறிக்கையில் "கவனக்குறைவான" என்பதை அடித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியாமல்
"வேலை" என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.
ஆண்டு என்ற கட்டம் காலி.
குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது.