பத்தரை ஹோர்ன்

ஜூபிலி ஹோல் இருந்த இடத்தில்
இப்போது குளியலறைச் சாமான் விற்கிறார்கள்.
குழாய் ஒன்று வாங்கப் போனேன்.
மேடை இருந்த பக்கம்
வெள்ளைக் கொமட் பதினாறு
வரிசையாக, வாய் திறந்து,
பாடகிக்குக் காத்திருக்கும் கோரஸ் மாதிரி.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாவலப்பிட்டியில் மழை இல்லாத சனிக்கிழமை
ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.
தகரக் கூரை வேறு.
நோட்டீஸில் பேர் போடாத இன்னொரு ட்ரம்ஸ்காரன்
மேலே ஏறி உட்கார்ந்திருப்பான்.
கீழே இருக்கும் நெல்சன்
முதலில் அவனோடு சண்டை பிடிப்பான்.
பிறகு குச்சியைத் தாழ்த்தி
அவன் போக்குக்கே விட்டுப் பின்னால் போவான்.

ஒன்பது நாற்பதுக்கு ரயில்.
மேடையே ஆடும்.
பெனடிக்டா ஒரு 'ஆ'வை
வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்;
கடைசிப் பெட்டி கழிந்ததும்
விட்ட இடத்திலிருந்து எடுப்பாள்.
ஒரு தடவைகூட சுருதி பிசகியதில்லை என்று
சொல்ல ஆசைதான்.
பிசகும். கலரியில் விசில் பறக்கும்.

நாங்கள் வந்தது கொழுந்து லொறியில்.
அந்தி நிறுவை முடிந்து சாக்கு இறக்கிய கையோடு
ஆளுக்கு எழுபத்தைந்து சதம்
அருளப்பன் பொக்கெட்டில்.
துரைக்குத் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம்.
எவ்வளவு பவுடர் போட்டாலும்
பச்சைக் கொழுந்து நெடி
நைலக்ஸ் சேலையில் ஏறிவிடும்.
டவுன் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தியபோது
தங்கமலர் திரும்பிச் சொன்னாள்:
"நீ குடிச்சிட்டு வந்த தேத்தண்ணி வாசந்தான்டி இது."

பத்தரைக்கு ஹோர்ன்.
மூன்று தரம் அடிப்பான்.
நான்காவதற்கு நிற்கமாட்டான்;
பதினொன்றுக்கு ஃபெக்டரியில் காவல்காரன் மாறுவான்,
அதற்குள் லொறி வாசலில் நிற்கவேண்டும்.
எந்தப் பாட்டின் நடுவிலும் எழும்பவேண்டும்.
பெஞ்சு தாண்டி, கையில் செருப்போடு,
கழுத்து மட்டும் பின்னால் திரும்பியபடி.
ஐந்து வருடம்.
ஒரு ஷோவிலும் கடைசிப் பாட்டை நான் கேட்டதில்லை.

திரும்பி வரும் லொறியில்
ஆளுக்கொரு கடைசிப் பாட்டு கட்டுவோம்.
தங்கமலருடையதில்
டிக்கெட் கிழிக்கிறவன்வரைக்கும் எழும்பி ஆடுவான்.
என்னுடையதில் லைட்டுகள் ஒவ்வொன்றாக அணையும்,
அக்கோடியன் மட்டும் இருட்டில் மூச்சு விடும்.
வளைவில் லொறி சாய
ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து
எது யாருடையது என்று தெரியாமல் போகும்.

எழுபத்தொன்பதில் அவள் கப்பலேறினாள்.
பாஸ்போர்ட் படத்திலும் அதே நைலக்ஸ் சேலை.
தலைமன்னாருக்குப் போகப் பகல் ரயிலில் ஏறினாள்.
ஹோலைக் கடக்கும்போது
எட்டிப் பார்த்தாளா தெரியாது.
கடிதத்தில் அதை எழுதவில்லை,
தண்ணீர் தூரம் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

எண்பத்து மூன்று ஆடியில்
ஹோல் முழுக்கப் பாய்.
மேடையில் பிள்ளைத்தாய்ச்சிகள்,
கலரியில் ஆம்பிளைகள்.
நானும் பதினொரு நாள் அங்கே படுத்தேன்.
யாரும் பாடவில்லை.
கூரையில் இருந்தவன் மட்டும்
தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

போன வருடம்
பிரஷர் மாத்திரைக் கியூவில் எனக்கு முன்னால் ஒருவர்.
நம்பர் துண்டின்மேல் இரண்டு விரல்
தட்டிக்கொண்டே இருந்தது.
முகத்தை அல்ல, அதைத்தான் அடையாளம் கண்டேன்.
நெல்சன். 'அவன்' என்று இனிச் சொல்ல முடியாத வயது.
நாற்பத்தைந்து வருடம் வைத்திருந்ததைக் கேட்டேன்:
"நாங்க போனப்புறம் கடைசியா என்னங்க பாடுவீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.
"லொறிங்க ஹோர்ன் அடிச்சா பாதி ஹோல் காலியாயிருமே.
அப்புறம் யாருக்குப் பாடுறது?
அந்தப் பாட்டோட வயர சுத்திருவோம்."
நம்பரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.
நான் மாத்திரை வாங்காமலே
பஸ் ஸ்டாண்ட்வரை நடந்துவிட்டேன்.

கடைப் பையன் குழாயைத் திருகிக் காட்டினான்.
"சத்தமே வராது அம்மா."
ஐந்து வருட கேரண்டியாம்.
அண்ணாந்து பார்த்தேன்:
கொங்கிறீட் தட்டு, வெள்ளைப் பூச்சு, இரண்டு மின்விசிறி.
மழையா என்று தெரிந்துகொள்ள
இப்போது வாசலுக்குப் போகவேண்டியிருக்கிறது.
போனேன்.
நல்ல மழை.
குடை கொண்டுவரவில்லை.