உழாத வயல்

பாகூர் ஏரிக்குக் கீழே முக்கால் காணி.
சம்பா அறுத்த தாள் அப்படியே நிற்கிறது,
கெண்டைக்காலைக் குத்துகிறது.

கலியபெருமாளிடம் சொல்லிவிட்டேன்
இந்த வருஷம் உழவு வேண்டாமென்று.
"கோபமா?" என்றார்.
போன தைப் பாக்கி நானூறை
எண்ணிக் கொடுத்தேன்.

விதைக்கும் கருவி
தாளுக்கு நடுவே கீறிக்கொண்டு போனது.
கீறலுக்குள் உளுந்து.
மண் புரளவில்லை.
வரப்பில் ஏழெட்டுக் கொக்குகள்
புழுவுக்குக் காத்து நின்றன,
பிறகு அடுத்த வயலுக்குப் போய்விட்டன.

ராத்திரி தூக்கமில்லை.
ஏதோ வேலையைப் பாதியில் விட்ட மாதிரி.

ஆறாம் நாள் முளை.
ஓரிடத்தில் மட்டும் வரிசை வளைந்திருக்கிறது:
அங்கேதான் ஓட்டுநருக்குப் போன் வந்தது.

கலியபெருமாள் பைக்கை நிறுத்தி
வெகுநேரம் அந்த வளைவையே பார்த்தார்.
"கோணல்" என்றார்.
பிறகு,
"மணிக்கு எவ்வளவு வாங்கினான்?"